எஞ்சினின் சொந்த ஊர் எது?

கடல் கடந்து போன நீராவி எஞ்சினைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து, விலை கொடுத்து வாங்கி, கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவருவது உலகெங்கும் ரயில் அன்பர்கள் செய்துவரும் பெரும்பணி. அதற்கு ஆகும் செலவையும் உழைப்பையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் திரும்பி வருகிறது என்று சொல்கிறோமே, எங்கே திரும்புகிறது? அதை வார்த்த தொழிற்சாலை இருந்த ஊருக்கா, அது உழைத்த பாதைக்கா, அதைக் காப்பாற்ற வசதி உள்ளவர்களின் நாட்டுக்கா? இந்தக் கேள்வியை ஆராய எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த களம் சுவிட்சர்லாந்தும் வியட்நாமும். அங்கே கைமாறிய எஞ்சின்களின் உடன்பிறப்புகள் நம் நீலகிரியில் ஓடிக்கொண்டிருப்பதால் அது நமக்கு அந்நியக் கதையும் அல்ல.

சுவிஸ் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஃபுர்கா கணவாயைக் கடந்து பிரிக், டிசென்டிஸ் என்ற இரண்டு ஊர்களை இணைக்கும் மீட்டர் கேஜ் பாதையை 1911இல் போடத் தொடங்கினார்கள். 1914இல் பாதி தூரம் ரயில் ஓடியது. முதல் உலகப்போர் வந்து வேலை நின்றது. கம்பெனி 1923இல் திவாலானது. புதிய நிறுவனம் ஒன்று எடுத்து நடத்தி, 1926இல்தான் முழுப்பாதையும் திறந்தது. கணவாயின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,160 மீட்டர் உயரத்தில் ஒரு சுரங்கம். பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் ஸ்டெஃபன்பாக் பாலத்தை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மடித்து வைத்துவிட்டு, வேனிலில் மறுபடி பூட்டுவார்கள். இந்தப் பாதைக்காக விண்டர்தூர் நகரிலிருந்த சுவிஸ் லோகோமோட்டிவ் தொழிற்சாலை 1913, 1914ஆம் ஆண்டுகளில் எச்ஜி 3/4 என்ற வகையில் 10 எஞ்சின்களைச் செய்து கொடுத்தது.

அவை எப்படி மலை ஏறின என்பதை அறிய ஒருவர் சுவிட்சர்லாந்து போக வேண்டியதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஊட்டி ரயிலில் போனவர்கள் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை அது. ஃபுர்காவிலும் அதே பல்பட்டைதான், அதே மீட்டர் கேஜ்தான். நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் விண்டர்தூரில் பிறந்தவையே. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து வழக்கமான சக்கரங்களைச் சுழற்றும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டில் வேலை முடித்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பி, அவற்றால் பல்சக்கரங்களைச் சுழற்றுவார்கள். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. நூற்றாண்டு கடந்தும் இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு அலுக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்துக்கு நிலக்கரி கிடைப்பது அரிதாயிற்று. 1942க்குள் ஃபுர்கா பாதை முழுவதும் மின்மயமானது. நீராவி எஞ்சின்களுக்கு வேலை குறைந்தது. அவற்றில் நான்கை 1947இல் அன்றைய பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு விற்றார்கள். அவை போய்ச் சேர்ந்த இடம் தாப் சாம் நகரிலிருந்து டாலாட்டுக்கு ஏறும் 84 கிலோமீட்டர் மலைப்பாதை. டாலாட், பிரெஞ்சுக்காரர்கள் கோடைக்கு ஒதுங்குவதற்காகச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைத்த நகரம். 1932இல் முழுமையடைந்த அந்தப் பாதையின் கடும் ஏற்றங்களில், நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் உயர வேண்டும். நீலகிரியில் நூறுக்கு ஏறத்தாழ எட்டுதான். அந்தப் பாதைக்கென்றே 1920களில் தொடங்கி எச்ஜி 4/4 என்ற இன்னும் வலுவான எஞ்சின்களை ஐரோப்பாவில் செய்வித்திருந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் விண்டர்தூரில் செய்தவை. ஃபுர்காவிலிருந்து வந்த நான்கும் அவற்றோடு சேர்ந்து உழைத்தன. ஆக, டாலாட் பாதையில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு வகை எஞ்சின்கள் இருந்தன. ஒன்று ஆல்ப்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு வந்தது. மற்றது சுவிஸ் மலை எதிலும் ஏறாமல் நேரே வியட்நாமுக்குப் போனது. என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

வியட்நாம் போர் அந்தப் பாதையை 1960களின் இறுதியில் நிறுத்தியது. 1975க்குப் பிறகு, குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்த வடக்கு தெற்கு ரயில் பாதையைச் செப்பனிட டாலாட் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக்கே வழி தேடிய நாட்டில் அதைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எஞ்சின்கள் ஷெட்டுகளில் துருப்பிடித்து நின்றன.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்திலும் ஒரு பாதை செத்துக்கொண்டிருந்தது. 1982இல் 15 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஃபுர்கா அடிவாரச் சுரங்கம் திறந்தது. மலையுச்சிப் பாதையை அதற்கு முந்தைய ஆண்டே மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் 1983இல் அன்பர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாதையை மீட்டுச் சுற்றுலா ரயில் ஓட்டுவது என்பது திட்டம். அதற்கு அந்தப் பாதையில் ஓடிய எஞ்சின்களே வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். தேடியபோது வியட்நாமின் நினைவு வந்தது. ‘பேக் டு சுவிட்சர்லாந்து’ என்ற பெயரில் 1990இல் அந்த மீட்பு நடந்தது. எஞ்சின்களை டிரெய்லர்களில் ஏற்றி, மலைச்சாலை வழியே இறக்கி, துறைமுகம் சேர்த்து, கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பழைய ஃபுர்கா எஞ்சின்களோடு எச்ஜி 4/4 எஞ்சின்களின் மிச்சங்களும் போயின.

1992இல் ரியால்ப் ஊரிலிருந்து முதல் கட்டப் பாதை திறந்தது. 2000இல் கிளெட்ச் வரை நீண்டது. 2010இல் ஓபர்வால்ட் வரை முழுமையாயிற்று. தண்டவாளம் போட்டவர்கள், பாலம் மடிப்பவர்கள், கரி அள்ளுபவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஊதியம் வாங்காத தொண்டர்கள். 1, 9 என்ற எண்களுள்ள எஞ்சின்கள், தாம் 1914இல் புகைவிட்ட அதே பாறைச்சரிவுகளில் மறுபடி புகைவிடுகின்றன. மீட்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான செயலை நான் அறியேன். எஞ்சின் திரும்பியது, பாதையும் திரும்பியது, அதை ஓட்டும் கைகளும் இருக்கின்றன.

ஆனால் எச்ஜி 4/4? அதில் 704ஆம் எண் எஞ்சினைத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பெரும்பகுதி உறுப்புகளைப் புதிதாகச் செய்து, ஃபுர்காவில் ஓடவிட்டிருக்கிறார்கள். பொறியியல் என்ற அளவில் அது வியக்கத்தக்க சாதனை. ஆனால் அந்த எஞ்சின் ‘திரும்பி’ வந்ததாக எப்படிச் சொல்வது? அது விண்டர்தூரில் இருந்தது செய்து முடித்து அனுப்பும் வரையில் மட்டுமே. உழைத்ததெல்லாம் டாலாட்டின் பைன் காடுகளுக்கு நடுவே. அதை இயக்கியவர்கள், அதன் அடுப்பில் எரிபொருள் போட்டவர்கள், பழுது பார்த்தவர்கள் வியட்நாமியர். இன்று டாலாட் நிலையத்துக்குப் போகும் பயணி, 1938இல் கட்டிய அழகிய கட்டடத்தைப் பார்க்கலாம். ஏழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிராய் மாட் வரை ரயிலில் போய் வரலாம். அந்த மலையில் பல்சக்கரம் சுழற்றி ஏறிய சுவிஸ் எஞ்சினை அங்கே பார்க்க முடியாது.

சுவிஸ் அன்பர்கள் அன்று எடுக்காமல் விட்டிருந்தால் அவை பழைய இரும்பாகப் போயிருக்கும் என்பது வலுவான பதில். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். வேற்று நாடு காப்பாற்றியதால் மட்டுமே பிழைத்த எஞ்சின்கள் உண்டு. பிரிட்டனில் போர்க்காலத் தேவைக்காக ரிடில்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த எளிய சரக்கு எஞ்சின் வகை ஒன்றில் 935 செய்தார்கள். போருக்குப் பின் அவற்றில் 733ஐப் பிரிட்டிஷ் ரயில்வே எடுத்துக்கொண்டது. அழகில்லாத, முரட்டு உழைப்பாளிகள் என்பதால் யாருக்கும் அவற்றின்மேல் பாசம் இல்லை. 1960களில் அந்த 733இல் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் உடைத்துவிட்டார்கள். நெதர்லாந்து போய், அங்கிருந்து 1953இல் ஸ்வீடனுக்கு விற்ற ஒரு எஞ்சின் மட்டும் அந்நாட்டின் அவசரகால இருப்பில் பத்திரமாக நின்றது. 1973இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து, பின்னர் ஸ்வீடன் செய்த மாற்றங்களை நீக்கிப் பழைய உருவத்தைக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் வரிசை 90732ஓடு முடிந்ததால் இதற்கு 90733 என்று எண்ணிட்டார்கள். பிறந்த நாடு அழித்ததை வேறு நாடு வைத்திருந்து கொடுத்தது. வெளிநாட்டில் கிடக்கும் எஞ்சினை அநாதை என்று அழைக்கும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனின் புகழ்பெற்ற மீட்பு ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் எஞ்சினுடையது. 1923இல் டான்காஸ்டரில் செய்து, 1963இல் ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுண்டுக்கு வாங்கியது. 1969இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்; மணியும் முன்தடுப்பும் மாட்டி அங்கே ஓட்டினார்; 1972இல் திவாலானார். அடுத்த ஆண்டு வில்லியம் மெக்ஆல்பைன் என்பவர் அதை வாங்கிப் பனாமா கால்வாய் வழியே லிவர்பூலுக்குக் கொண்டுவந்தார். இது அடிக்கடி சொல்லப்படும் கதை. ஆனால் நம் கேள்விக்கு அதில் பெரிய வெளிச்சம் இல்லை. சுற்றுலா போன இடத்தில் பணம் தீர்ந்து மாட்டிக்கொண்ட எஞ்சின் வீடு திரும்பியது, அவ்வளவே. அமெரிக்கா அதற்கு ஒருபோதும் ஊராக இருக்கவில்லை.

பிறந்த ஊர் என்ற உரிமை பேசும் மீட்புகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். மான்செஸ்டரின் கார்ட்டன் பகுதியில் இருந்த பேயர் பீகாக் நிறுவனம், ஹெர்பர்ட் வில்லியம் கேரட் வகுத்த புதுமுறையில் முதல் எஞ்சினை 1909இல் செய்து டாஸ்மேனியாவுக்கு அனுப்பியது. ஒரே கொதிகலனை நடுவில் தாங்கி, முன்னும் பின்னும் இரண்டு தனித்தனி எஞ்சின் அமைப்புகள் இருக்கும் முறை அது. பிறகு ஆப்பிரிக்காவின் வளைவும் ஏற்றமும் நிறைந்த பாதைகளை ஆண்டது அந்த முறைதான். சுரங்கத் தொழிலுக்காக ஓடிய அந்த டாஸ்மேனிய ரயில் பாதை மூடியபின் கிடந்த அந்த முதல் எஞ்சினை 1947இல் நிறுவனமே திரும்ப வாங்கியது. உலகில் முதலாவது என்பதால், ஒரு பொறியியல் சிந்தனை எங்கே பிறந்ததோ அங்கே அது இருக்கலாம் என்பதை ஏற்கலாம். அந்த எஞ்சின் இந்த நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வேயில் மறுபடி ஓடியது.

மற்றொன்று கிளாஸ்கோவில் இருக்கிறது. அந்நகரின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் உலகத்துக்கே எஞ்சின் செய்து அனுப்பியது. விடுதலைக்குப் பின் இந்திய ரயில்வே வாங்கிய முதல் டபிள்யூஜி வகைச் சரக்கு எஞ்சின்களும் அங்கே செய்தவை. 1962இல் நிறுவனம் மூடியது. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த குடும்பங்களுக்குத் தங்கள் கைவேலையைக் காட்ட நகரில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அதனால் 1945இல் பொல்மடி பட்டறையில் செய்த 3007 எண்ணுள்ள எஞ்சினைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாங்கி வந்து ரிவர்சைட் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். அதன் சக்கர அகலம் ஸ்காட்லாந்தின் தண்டவாளத்துக்குப் பொருந்தாது. அங்கே ஓடவே முடியாது. இருந்தாலும் இந்த மீட்பு எனக்குப் பிடிக்கிறது. அந்த வகை எஞ்சின்கள் தென்னாப்பிரிக்காவிலேயே இன்னும் இருக்கின்றன; எனவே அந்த நாடு எதையும் இழக்கவில்லை. ஒன்று போனபோது அங்கே ஏதேனும் மிஞ்சுகிறதா என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

இதுவரை சொன்னவை எல்லாம் வணிகமும் பாசமும் கலந்தவை. ஜப்பானின் சி56 எஞ்சின்களின் கதை வேறு. அதைத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1930களில் ஜப்பான் செய்த சிறிய எஞ்சின் வகை சி56. அவற்றில் 1 முதல் 90 வரை எண்ணிட்ட தொண்ணூறையும் சக்கர அகலம் குறைத்து, மீட்டர் கேஜுக்கு மாற்றி, போருக்காகத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் சயாம் எனப்பட்ட தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்துக்கொண்டும் போன பல்லாயிரம் தமிழர்கள் அவர்களில் அடக்கம். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

தாய்லாந்து ரயில்வே இந்த எஞ்சின்களைப் போருக்குப் பிறகும் பல்லாண்டு ஓட்டியது. 1979இல் இரண்டு ஜப்பானுக்குத் திரும்பின. 31ஆம் எண் எஞ்சின், பாதை திறப்பு விழாவில் நின்றது என்ற பெருமையோடு, டோக்கியோவின் யாசுகுனி ஆலயப் போர் அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் நிற்கிறது. 44ஆம் எண் எஞ்சின் ஒய்காவா ரயில்வேயில் ஓடியது. அதற்குச் சிவப்புச் சாயம் பூசிக் குழந்தைகள் விரும்பும் ஜேம்ஸ் என்ற கதைப்பாத்திரமாகவும் மாற்றினார்கள். குழந்தைகள் மகிழ்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எஞ்சின் ஊர் திரும்பியபோது எது திரும்பவில்லை என்று பார்க்கிறேன். செய்தவர்களின் நாட்டில் அது தொழில்திறமையின் சின்னம், படைவீரர்களின் நினைவு. அந்தப் பாதைக்குக் குறுக்குக் கட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது சாட்சிப் பொருள். சாட்சிப் பொருளைச் சம்பவம் நடந்த இடத்திலிருந்து எடுத்துப் போனால், சொல்லவேண்டிய கதையில் பாதி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. நல்லவேளையாக வேறு சில சி56 எஞ்சின்கள் தாய்லாந்திலேயே இருக்கின்றன. காஞ்சனபுரி போகும் தமிழர்கள் அவற்றைப் பார்க்கலாம்.

மீட்பு என்பது கப்பல் கரை சேர்வதோடு முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல்லாண்டு வெயில் மழையில் நின்ற எஞ்சினின் கொதிகலனை அப்படியே நம்ப முடியாது. குழாய்கள் எல்லாம் புதிதாக வேண்டும். அடுப்புப் பெட்டியின் தகடுகள் தேய்ந்திருக்கும். பித்தளையும் செம்பும் எப்போதோ திருட்டுப் போயிருக்கும். புதிய நாட்டின் கொதிகலன் சட்டப்படி ஆய்வாளர் சான்று தந்தால்தான் அடுப்பு மூட்டலாம். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனை 2004இல் பிரிட்டனின் தேசிய ரயில் அருங்காட்சியகம் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதைச் சீர்செய்து மறுபடி ஓட்டும்போது 2016 ஆகிவிட்டது. செலவு 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. திரும்பி வந்தும் நிதி இல்லாமல் கொட்டகையில் கிடக்கும் எஞ்சின், வெளிநாட்டில் கிடந்ததைவிட எந்த வகையிலும் நல்ல நிலையில் இல்லை. வாங்கும் விலையைத் திரட்டியவுடன் கொடியசைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நிரந்தரமாக எடுத்து வராமலே ஊர் திரும்பும் வழியும் உண்டு. பிரிட்டனின் மல்லார்ட் எஞ்சின் 1938இல் நீராவியின் வேகச் சாதனை படைத்தது. அதே ஏ4 வகையில் பிழைத்திருப்பவை ஆறு. அவற்றில் ஒன்று அமெரிக்காவின் கிரீன் பே அருங்காட்சியகத்தில், ஒன்று கனடாவில். சாதனையின் 75ஆம் ஆண்டுக்காக அந்த இரண்டையும் 2012இல் இரவலாகப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். சாயம் பூசிச் செம்மை செய்தார்கள். 2013இல் ஆறும் யார்க் நகரில் ஒன்றாக நின்றன. பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 2014இல் இரண்டும் தத்தம் அருங்காட்சியகங்களுக்குத் திரும்பின. அரை நூற்றாண்டு பேணிக் காத்தவர்களின் உரிமையை மதித்தும், பிறந்த மண்ணின் ஆசையை நிறைவேற்றியும் செய்த காரியம் அது. பேசித் தீர்க்க மனமிருந்தால் யாரும் இழக்கத் தேவையில்லை.

நம் நாட்டுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. கிளாஸ்கோவில் 1889இல் செய்து டார்ஜிலிங் மலை ரயிலில் உழைத்த 778 எண்ணுள்ள எஞ்சின் 1960களில் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. இந்தியானா மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. அங்கிருந்து ஏட்ரியன் ஷூட்டர் என்ற ரயில்வே நிர்வாகி அதை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், மிகுந்த அன்போடு புதுப்பித்து ஓட்டினார். அவர் செய்தது நற்பணி. டார்ஜிலிங்கில் அதே வகை எஞ்சின்கள் இன்றும் ஓடுவதால் நமக்கு இழப்பும் பெரிதில்லை. அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீலகிரியில் எக்ஸ் வகை எஞ்சின்களைப் பழுது பார்க்கும் கைத்திறன் அறுந்துபோகவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் அதே வகையில் புதிய எஞ்சின்களையே கட்டியிருக்கிறது. 2021இல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் வெளிவந்தது. விண்டர்தூரில் தொழிற்சாலை மூடிப் பல்லாண்டு ஆகிவிட்டது. ஆப்ட் முறை நீராவி எஞ்சினை உழைத்த பாதையிலேயே வைத்துக் காக்கலாம் என்பதற்கு நாம்தான் சான்று. இந்த அறிவு சுவிஸ் தொண்டர்களுக்கும் நாளைய வியட்நாமுக்கும் பயன்படக்கூடியது.

டாலாட் பாதையை மறுபடி போடும் பேச்சு வியட்நாமில் பல ஆண்டுகளாக நடக்கிறது. எப்போது நடக்குமோ, நடக்காமலே போகுமோ. ஃபுர்காவின் எச்ஜி 3/4 எஞ்சின்கள் சுவிஸ் அன்பர்களுடையவை. அதில் கேள்விக்கு இடமில்லை. எச்ஜி 4/4 எஞ்சின்களைப் பொறுத்தவரை அவர்கள் மீட்டவர்கள், பேணுபவர்கள், அந்த அளவில் பெரும் நன்றிக்கு உரியவர்கள். ஆனால் அவை டாலாட்டின் எஞ்சின்கள். தாப் சாமிலிருந்து டாலாட்டுக்குப் பல்பட்டை மறுபடி ஏறும் நாளில் அவற்றில் ஒன்றையாவது அங்கே அனுப்புவோம் என்று சுவிஸ் அன்பர்கள் இப்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.